இலை தின்னும் விருந்தாளி

1988இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட சிங்கராஜ வனத்துக்குச் சென்றால், மர உச்சிகளை அண்ணாந்து பாருங்கள். கறுப்பும் மஞ்சளுமாய், உங்கள் உள்ளங்கையை விட அகன்ற ஒரு வண்ணத்துப்பூச்சி பறக்கக் காணலாம். நம் நாட்டின் தேசிய வண்ணத்துப்பூச்சி அது; உலகில் வேறெங்கும் இல்லை. பல பூக்களில் தேன் குடித்தாலும், அதன் புழுக்கள் தின்பது ஈசுவரமூலி வகைக் கொடிகளைத்தான். கொடி அழிந்தால் அதுவும் அழியும்.

உங்கள் வளவிலும் இதே நியதிதான். கறிவேப்பிலையிலும் தேசியிலும் பறவை எச்சம் போல் ஒட்டியிருந்து, பின்பு பச்சையாகும் புழுவும் நாளை வண்ணத்துப்பூச்சியே. மருந்தடித்துக் கொல்லாதீர்கள், அந்த மருந்து நம் கறிச்சட்டிக்கும் வரும். அழகுக்கு வாங்கும் பிறநாட்டுப் பூஞ்செடிகளோடு, ஒரு கறிவேப்பிலைக் கன்றையும் நடுங்கள். பூ தாய்க்கு, இலை பிள்ளைகளுக்கு.