வாளியில் விட்ட கணவாய்

இன்று எழுதப்போவது ஒரு பிழைதிருத்தம். இருபது ஆண்டு தாமதம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2005 அக்டோபர் என்று நினைவு. ஒன்பதாம் வகுப்பு. ஜப்பானின் ஒகசவாரா தீவுகளுக்கு அருகே ராட்சதக் கணவாயை முதன்முதலாக அதன் இருப்பிடத்திலேயே, உயிரோடு படம் பிடித்துவிட்டார்கள் என்ற செய்தியைக் கத்தரித்து எடுத்துப்போய் வகுப்பில் வாசித்தேன். சுனேமி குபோடேரா, கியோய்ச்சி மோரி என்ற இருவர், ஏறக்குறைய 900 மீட்டர் ஆழத்துக்குத் தூண்டிலையும் கேமராவையும் இறக்கிக் காத்திருந்து எடுத்த படங்கள் அவை. இரையில் சிக்கிய கணவாய் நான்கு மணி நேரத்துக்கும் மேல் போராடி, கடைசியில் 5.5 மீட்டர் நீளமுள்ள உணர்கொம்பு ஒன்றை அறுத்துக்கொண்டு தப்பியது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட படங்கள் கிடைத்தன, கணவாய் கிடைக்கவில்லை.

"பிடித்துத் தொட்டியில் வளர்க்கக் கூடாதா சார்?" என்று முன்வரிசையில் ஒரு பிள்ளை கேட்டாள். "ஆழ்கடலில் அழுத்தம் அதிகம். மேலே கொண்டுவந்தால் பலூன் மாதிரி வெடித்துவிடும்" என்று கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னேன்.

அப்போது கடைசி பெஞ்சில் ஒருவன் எழுந்தான். கடற்கரைக் குப்பத்துப் பையன், அப்பா வலைக்குப் போகிறவர். "சார், சின்னக் கணவாயே வாளியில விட்டா நிக்காது சார். சுத்திச் சுத்திச் சுவத்துல மோதியே செத்துடும். தண்ணி சூடானா இன்னும் சீக்கிரம் செத்துடும். இதுக்கு அழுத்தம் எதுக்கு சார்?" என்றான்.

"வாளிக்கும் ஆழ்கடலுக்கும் முடிச்சுப் போடாதே, உட்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த ஆண்டு முழுவதும் அவன் வேறு கேள்வி கேட்கவில்லை. அதை அப்போது நான் கவனிக்கவும் இல்லை.

போன வாரம் பேரன் அதே கேள்வியைக் கேட்டான். இந்த முறை வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க அந்தப் பையனின் முகம்தான் கண்முன் வந்தது.

முதலில், அழுத்தம். ஆழத்திலிருந்து இழுக்கும் சில மீன்களின் வயிறு உப்பி வருவதற்குக் காரணம் உள்ளே இருக்கும் காற்றுப்பை. ராட்சதக் கணவாய்க்குக் காற்றுப்பையே கிடையாது. அதன் சதையில் அம்மோனியம் குளோரைடு கரைசல் நிறைந்திருக்கிறது. அது கடல்நீரைவிட இலேசானது என்பதால்தான் நீந்தாமலே மிதக்க முடிகிறது. நான் சொன்ன பலூன் கதைக்கு ஆதாரமே இல்லை.

அடுத்து, வெப்பம். கணவாயின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பு அல்ல, செம்பு. அதனால் ரத்தம் நீல நிறம். குளிர்ந்த நீரில் நன்றாக வேலை செய்யும் அந்த ரத்தம், நீர் சூடாகச் சூடாகத் தடுமாறுகிறது. மேல்மட்டத்து வெதுவெதுப்பான நீருக்கு வரும்போது அதற்கு மூச்சு முட்டுகிறது என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். 2006 டிசம்பரில் குபோடேரா குழுவினர் ஒன்றைத் தூண்டிலில் பிடித்து உயிரோடு நீர்மட்டம் வரை கொண்டுவந்தார்கள். கப்பலில் ஏற்றும் போராட்டத்திலேயே அது இறந்துவிட்டது.

கடைசியாக, சுவர். வாழ்நாளெல்லாம் திறந்த கடலில் திரியும் உயிருக்குச் சுவர் என்றால் என்னவென்றே தெரியாது. நீரைப் பீய்ச்சிப் பின்னோக்கிப் பாயும். மோதினால் மெல்லிய தோல் கிழியும். நியூசிலாந்தின் ஸ்டீவ் ஓ'ஷே, பெரியதை வளர்க்க முடியாதென்று கணவாய்க் குஞ்சுகளைப் பிடித்துத் தொட்டியில் வளர்க்கப் பார்த்தார். அவையும் பிழைக்கவில்லை.

அதைக் காண்பதே பெரும்பாடு. அதன் கண் 27 சென்டிமீட்டர் வரை அகலம். கிட்டத்தட்ட நம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு அளவு. விளக்கைப் போட்டுக்கொண்டு இரைச்சலோடு போகும் நீர்மூழ்கியை அது முன்கூட்டியே உணர்ந்து விலகிவிடும். எடித் விடர் என்ற அம்மையார், ஆழ்கடல் உயிர்கள் பெரும்பாலானவற்றின் கண்ணுக்குத் தெரியாத சிவப்பு வெளிச்சத்தையும், ஜெல்லிமீன் போல மின்னும் ஒரு பொய்ப்பொருளையும் பயன்படுத்தினார். 2012இல் அவர் இருந்த குழு ஜப்பானுக்கு அருகே கடலில் அதை முதன்முதலாக ஆழத்திலேயே வீடியோ எடுத்தது. துரத்தியவர்களுக்குக் கிடைக்காதது, அமைதியாகக் காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது.

2015 டிசம்பரில் ஜப்பானின் டொயாமா விரிகுடாத் துறைக்குள் ஒரு கணவாய் வழிதவறி வந்துவிட்டது. முக்குளிப்பவர் ஒருவர் கூடவே நீந்தி அதைக் கடல் பக்கம் திருப்பிவிட்டார். அதைத் தொட்டியில் போடாமல் வழிகாட்டி அனுப்பிய அந்த மனிதரை மனதுக்குள் வணங்கினேன்.

ஆக, வெப்பம், சுவர் இரண்டையும் அந்தப் பையன் 2005லேயே சொல்லிவிட்டான். நான் புத்தகம் படித்தவன். அவன் வாளியைப் பார்த்தவன். "அப்படியா, உங்கள் படகில் என்னவெல்லாம் பார்த்திருக்கிறாய், சொல்" என்று அன்று நான் கேட்டிருந்தால் அது நல்ல வகுப்பாக இருந்திருக்கும்.

தம்பி, உன் பெயரை இங்கே எழுதவில்லை. படித்தால் உனக்கே தெரியும். நீ சொன்னது சரி. நான் சொன்னது தப்பு. உன்னைப் பார்த்துச் சிரித்தது அதைவிடப் பெரிய தப்பு. முடிந்தால் ஒரு போன் போடு. மீதிக் கேள்விகளையும் கேள். இன்று ஆசிரியர்களாக இருக்கும் என் பிள்ளைகளே, கடைசி பெஞ்சில் கை உயர்ந்தால் பதில் சொல்லும் முன் கொஞ்சம் பொறுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்