இறப்பர் வளையமும் உழைப்பவன் மூச்சும்

தலவாக்கலைக்கும் கடலுக்கும் வெகு தூரம். ஏறத்தாழ 1200 மீட்டர் உயரத்தில், கொத்மலை ஓயாவின் கரையில், தேயிலை மலைகளின் நடுவே அமைந்த இவ்வூரிலிருந்து கடலடியில் மூழ்குவோரின் சுவாசக் கருவியைப் பற்றி நாம் எழுதப் புகுந்ததேன் என்று வாசகர்கள் கேட்கலாம். சென்ற தீபாவளி விடுமுறையில் ஒரு லயத்தின் வாசலில் நாம் கழித்த மாலைப்பொழுதே அதற்குக் காரணம்.

நம்மிடம் படித்த இளைஞர் ஒருவர் திருகோணமலையில், சுற்றுலாப் பயணிகளைக் கடலுக்குள் அழைத்துச் செல்லும் இடமொன்றில் வேலை செய்கிறார். மூழ்குவோரின் ரெகுலேட்டர்களையும் ஹோஸ் குழாய்களையும் பழுதுபார்ப்பது அவர் தொழில். கிழக்குக் கடல் கொந்தளிக்கும் மாரிக்காலத்தில் ஊர் திரும்பியவர், தமது கருவிகளைச் சாக்கின்மீது பரப்பி நமக்கு விளக்கினார்.

சிலிண்டரில் அடைத்த காற்றின் அமுக்கம் சுமார் 200 பார். ரெகுலேட்டரின் முதற்பகுதி அதனைச் சுற்றியுள்ள நீரின் அமுக்கத்திற்கு மேல் 10 பார் அளவுக்குக் குறைத்து ஹோஸில் விடுகிறது. வாயில் கவ்வும் இரண்டாம் பகுதி, மூச்சை இழுக்கும்போது மட்டும் திறந்து, நீரின் அமுக்கத்திற்கு ஒப்பாகக் காற்றைத் தருகிறது. இதன் முன்னோடியை 1943 இல் பிரான்சில் கூஸ்தோவும் காஞ்ஞானும் உருவாக்கினர். யுத்தகாலப் பெற்றோல் பஞ்சத்தில் மோட்டார் வண்டிகளை வாயுவில் ஓட்டுவதற்கெனக் காஞ்ஞான் செய்திருந்த கருவியே அதன் மூலம். 1956 இல் திருகோணமலைக் கடலடியில் பழைய கோணேசர் கோயிலின் கற்றூண்களை மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் கண்டது நாமறிந்த செய்தியே.

இதனைக் கழற்றிப் பூட்டும் கருவிகளை அவர் எவ்வாறு தேர்ந்திருக்கிறார்? வாய் அகலத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பேனர் அவர் பையில் இல்லை. அது தளர்ந்து நழுவிப் பித்தளை நட்டின் முனைகளை மழுக்கிவிடும். ஒவ்வோர் அளவுக்கும் தனி ஸ்பேனர் உண்டு. இறப்பர் வளையங்களைக் கிளப்ப எஃகு ஊசியை அவர் தொடுவதில்லை. பித்தளையாலோ பிளாஸ்டிக்காலோ ஆன கொக்கிதான். வளையம் அமரும் பள்ளத்தில் மயிரிழைக் கீறல் விழுந்தாலும் காற்று கசியுமாம். எவ்வளவு முறுக்குகிறோம் என்பதை அளந்து காட்டும் ஸ்பேனர் ஒன்றும், அமுக்கமானி ஒன்றும் தனியுறையில் இருந்தன. அமுக்கமானியின் முள் ஓரிடத்தில் நில்லாது மெல்ல ஏறுமாயின், உள்ளிருக்கும் வால்வு தேய்ந்துவிட்டது என்று பொருள். ஹோஸின் உலோக முனையருகே வளைத்து வெடிப்புப் பார்ப்பதற்கு மட்டும் கருவி வேண்டியதில்லை. கண்ணும் பொறுமையும் போதும்.

“இவ்வளவு கவனம் எப்படி வந்தது?” என்று கேட்டோம்.

“பூட்டி முடிச்சதும் மொதல்ல நான்தான் சார் அதைக் கட்டிக்கிட்டு இறங்கணும்” என்றார்.

அருகில் அமர்ந்திருந்த தந்தை பெருமூச்செறிந்தார். தோட்டத்தில் களைநாசினி தெளிப்பவர் அவர். “நம்ம டேங்குலயும் இதே மாதிரி வளையந்தான் சார். ஒழுகினா துணியச் சுத்துவோம். முனை அடைச்சுக்கிட்டா வாயால ஊதுவோம். சாமான் கேட்டா, ஒரே ஒரு குறடுதான், அதுவும் ஸ்டோர்ல பூட்டிக் கெடக்கு.”

நாம் பேச்சற்றுப் போனோம். பதினாறு லீற்றர் மருந்தைச் சுமக்கும் அந்தத் தொட்டியிலும் பம்பும் வால்வும் ஹோஸும் உண்டு; வாஷர் தேய்ந்தால் நஞ்சு வழிவது முதுகின்மேல். அடைத்த முனையைக் கம்பியால் குத்தினால் துளை அகன்று மருந்து மிகும். வாயால் ஊதினாலோ நஞ்சு உதட்டிலேயே ஏறும். பழைய பற்தூரிகை ஒன்றிருந்தால் இரண்டும் வேண்டா.

மருந்தைப் பற்றி இந்நாட்டில் விவாதங்கள் நடந்தன. 2015 இல் கிளைபோசேட் தடைசெய்யப்பட்டது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் விலக்களிக்கப்பட்டது. அந்த விவாதங்களில் வாஷரைப் பற்றிய பேச்சு நம் காதில் விழவில்லை. 1925 இல் தோன்றிய தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் இவ்வூர் சென் கூம்ஸ் தோட்டத்திலேயே இருக்கிறது. செடியின் நோயறிய விஞ்ஞானம் வேண்டும், அதைக் குறைகூறுவாரில்லை. செடிக்கு மருந்து சுமக்கும் முதுகுக்கும் அந்த விஞ்ஞானத்தில் பங்கு வேண்டுமென்பதே நம் வாதம்.

மகனின் கருவிகளைத் தேர்ந்தவன் அவற்றால் பூட்டிய குழாயிலேயே மூச்சு வாங்குகிறான். தந்தையின் குறட்டைத் தேர்ந்தவரோ தொட்டியைத் தோளில் ஏற்றியவரல்லர். வேற்றுமை அறிவில் இல்லை, அதிகாரத்தில் இருக்கிறது.

மறுநாள் காலை அளவான ஸ்பேனர் ஒன்று, கொக்கி ஒன்று, பற்தூரிகை ஒன்று, வளையங்கள் சில ஆகியவற்றைச் சிறு பையிலிட்டு மகன் கொடுக்க, தந்தை அதை மடியில் செருகிக்கொண்டு பிரட்டுக்களத்துக்குப் புறப்பட்டார். தன்னோடு தெளிக்கும் மற்றவர்களுக்கும் அது உதவும் என்றார்.

மகனின் அன்பு ஒரு மலைக்குப் போதும். எல்லா மலைகளுக்கும் எட்டாது. தொட்டியோடு அப்பையும் தரப்பட வேண்டும், அதைத் தேர்வதில் சுமப்பவனுக்கும் குரல் வேண்டும் என்பது சம்பளக் கோரிக்கையின் பக்கத்திலேயே எழுதத் தக்க கோரிக்கை. ஆசிரியர்களாகிய நாமும் ஒன்று செய்யலாம். அமுக்கத்தைக் கரும்பலகையில் மட்டும் வரைந்தது போதும். அடுத்த தவணையில் பழைய தெளிதொட்டி ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவந்து, மாணவர் கையில் ஸ்பேனரைக் கொடுத்துக் கழற்றிப் பூட்டச் செய்ய இருக்கிறோம்.