இன்வர்ட்டர் பாட்டரியும் இல்லத்தரசியும்

ஊறுகாய் ஜாடியில் எண்ணெய் மேலே நிற்கிறதா என்று பார்க்கத் தெரிந்த நமக்கு, இன்வர்ட்டர் பாட்டரியில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்கத் தெரியாதா? "அதெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம்" என்று ஒதுங்கிவிடுகிறோம். அவர்களோ காலையில் வேலைக்குப் போனால் இரவுதான் திரும்புகிறார்கள். ஆக, ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய பொருளை யாருமே பார்ப்பதில்லை! மின்சாரம் போகிற நேரத்தில் குழந்தையையும் பெரியவர்களையும் வைத்துக்கொண்டு வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் நாம்தான். எனவே பாட்டரி நம் பொறுப்பில் இருப்பதே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

நான் பிளஸ் டூ வரை படித்தவள். எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். என் மாமியாருக்கு ஆஸ்துமா உண்டு. இழுப்பு வந்தால் நெபுலைசர் வைத்தாக வேண்டும். 2012-ல் எங்கள் பக்கமெல்லாம் நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். அப்போதுதான் இன்வர்ட்டர் வாங்கினோம்.

கடைக்குக் கிளம்பும்போது என் கொழுந்தனார், "கார் பாட்டரியே போட்டுக்கலாமே அண்ணி, விலை கம்மி" என்றார். கடையிலிருந்த வயதான மெக்கானிக் சிரித்துவிட்டார். "அம்மா, கார் பாட்டரி வண்டியைக் கிளப்புற அந்த ஒரு நிமிஷத்துக்கு வேகமா கரண்ட் கொடுக்கிறதுக்குன்னு செஞ்சது. உள்ளே தகடு மெல்லிசா இருக்கும். மணிக்கணக்கா ஃபேன் ஓட்டினா சீக்கிரமே படுத்துடும்" என்றார். வீட்டுக்கு ஏற்றது டியூபுலர் பாட்டரி. அதில் ஈயப் பசையைக் குழல் போன்ற உறைகளுக்குள் அடைத்திருப்பார்கள். அதனால் அது உதிர்ந்து கொட்டாமல் நீண்ட நாள் உழைக்கும். சாதாரணத் தகடு பாட்டரி விலை குறைவு. மின்வெட்டு எப்போதாவதுதான் வரும் ஊருக்கு அது போதும். இப்போது லித்தியம் பாட்டரியும் வந்திருக்கிறது. எடை குறைவு, தண்ணீர் ஊற்றும் வேலையே இல்லை. ஆனால் விலை அதிகம். உங்கள் இன்வர்ட்டர் அதற்கு ஏற்றதுதானா என்று கேட்டுக்கொண்டே வாங்க வேண்டும்.

எந்தப் பாட்டரியானாலும் அது தயாரான மாதத்தைப் பாருங்கள். கடையில் பல மாதம் கிடந்தது வேண்டாம். உத்தரவாதக் காலத்தில் எத்தனை மாதம் வரை இலவசமாக மாற்றித் தருவார்கள், எத்தனை மாதத்துக்கு விலையில் கழிவு மட்டும் என்று தனித்தனியே கேட்டு, ரசீதில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு பெரிய பாட்டரி வேண்டும்? இது பால் கணக்குப் போடுவது போலத்தான். பாட்டரியின் மேல் 150 ஏ.எச். என்று போட்டிருந்தால், அதை 12 வோல்ட்டால் பெருக்குங்கள். 1800 வாட்-மணி வரும். அதை முழுவதும் கறந்துவிடக் கூடாது. பாதியோடு நிறுத்தினால் பாட்டரிக்கு ஆயுள் அதிகம். மிஞ்சுவது 900. பழைய மாடல் ஃபேன் ஒன்றுக்கு 75 வாட், எல்.இ.டி. பல்புக்கு 9 வாட். இரண்டு ஃபேன், மூன்று பல்பு என்றால் ஏறக்குறைய 180 வாட். இன்வர்ட்டரே கொஞ்சம் தின்றுவிடும் என்பதால் நான்கு மணி நேரம் கிடைக்கும். 30 வாட் அளவில் ஓடுகிற புது வகை ஃபேன் மாட்டினால் அதே பாட்டரி இரண்டு மடங்கு நேரம் வரும். ஃப்ரிட்ஜ், கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி இவற்றையெல்லாம் இதில் மாட்டவே கூடாது.

இனி பராமரிப்பு. மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் போதும். 12 வோல்ட் பாட்டரிக்குள் ஆறு அறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு மூடி. டியூபுலர் பாட்டரியில் தண்ணீர் அளவைக் காட்டும் சிறு மிதவையும் பெரும்பாலும் இருக்கும். மிதவை கீழே, சிவப்புக் கோட்டுக்கு இறங்கியிருந்தால் தண்ணீர் விட வேண்டும். பாட்டரி முழுவதும் சார்ஜ் ஆன பிறகு, இன்வர்ட்டரை நிறுத்தி, பிளக்கையும் எடுத்துவிட்டு ஊற்றுங்கள். குறித்த அளவுக்கு மேல் ஊற்றினால் சார்ஜ் ஆகும்போது அமிலம் பொங்கி வழியும்.

ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டும். "காய்ச்சி ஆற வைத்த தண்ணீர் ஆகாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்த உப்பைப் பாருங்கள்! காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. ஆர்.ஓ. தண்ணீரிலும் சிறிது உப்பு மிஞ்சியிருக்கும். ஏ.ஸி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் தூசியும் உலோகத் துணுக்கும் கலந்திருக்கும். இவையெல்லாம் தகட்டைக் கெடுக்கும். பாட்டரியில் குறைவது தண்ணீர்தான். அமிலம் அப்படியேதான் இருக்கிறது. ஆகவே நீங்களாக ஒருபோதும் அமிலம் ஊற்றாதீர்கள்.

கம்பி இணைகிற முனைகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால், வெந்நீரில் ஆப்ப சோடா கலந்து துணியால் துடையுங்கள். அந்தக் கரைசல் மூடிக்குள் இறங்கக் கூடாது. நன்றாக உலர்ந்ததும் மேலே வாஸலின் தடவுங்கள்.

சகோதரிகளே, இந்த வேலைக்கு முன் வளையலையும் சங்கிலியையும் கழற்றி வையுங்கள். குனியும்போது தாலிச் சங்கிலி இரண்டு முனைகளிலும் பட்டால் கண நேரத்தில் பழுக்கக் காய்ந்து தோலைச் சுட்டுவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நல்ல பருத்திப் புடவை வேண்டாம். ஒரு சொட்டு அமிலம் பட்டாலும் அடுத்த சலவையில் ஓட்டை தெரியும். தப்பித் தவறிக் கண்ணில் தெறித்தால் தேய்க்காமல், ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் விடாமல் கழுவிவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும். பாட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும், அது தீப்பிடிக்கும். ஆகவே காற்றோட்டமான இடத்தில், குழந்தைகள் கை படாதவாறு வையுங்கள். பூஜை அறைக்குப் பக்கத்தில் வேண்டாம். விளக்கு, ஊதுபத்தி, கற்பூரம் எதுவும் அருகே கூடாது.

இந்தக் கவனமெல்லாம் எதற்கு என்று எனக்குப் புரிந்தது 2018 நவம்பரில். 16-ஆம் தேதி அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. எங்கள் தெருவில் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து கிடந்தன. கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல ஆளில்லை. ஈரக் காற்றில் மாமியாருக்கு இழுப்பு வந்துவிட்டது. நான் உடனே ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நெபுலைசர் 150 வாட். ஒரு தடவைக்குக் கால் மணி நேரம். காலையும் மாலையும் வைத்தால்கூட 75 வாட்-மணிதான். இரவில் ஒரு பல்பு. மற்ற நேரமெல்லாம் இன்வர்ட்டரையே நிறுத்தி வைத்தேன். சும்மா இருந்தாலும் அது தின்னுமே!

"ஃபேனைப் போடேன்டி, பிள்ளைங்க புழுங்குதுங்க" என்றார் மாமியார்.

"விசிறி இருக்கு அத்தை. உங்க மிஷினுக்கு இது வேணும்" என்றேன்.

பக்கத்து வீட்டு மருமகள் கைக்குழந்தைக்காரி. அவர்கள் வீட்டிலும் பாட்டரி இருந்தது. தண்ணீர் வற்றிக் கிடந்ததால் அது முதல் இரவே அரை மணியில் அணைந்துவிட்டது. "அக்கா, ஃபோனுக்கு மட்டும் கொஞ்சம் சார்ஜ் போட்டுத் தரீங்களா? அம்மா வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லணும்" என்று வந்து நின்றாள். எங்கள் பாட்டரி ஏழாம் நாள் மாலை மின்சாரம் வரும்வரை தாங்கியது. அத்தைக்கு ஒரு வேளை மருந்துகூடத் தவறவில்லை. கரண்ட் வந்ததும் முதல் வேலையாகப் பாட்டரியை முழுவதும் சார்ஜ் ஏற்றினேன். காலியான பாட்டரியை அப்படியே போட்டுவைத்தால் தகட்டில் ஒருவித உப்பு இறுகிப் படிந்து, பிறகு சார்ஜே ஏறாது. புயல் எச்சரிக்கை வந்தாலும் சரி, வெகுநாள் ஊருக்குப் போனாலும் சரி, முன்னதாகத் தண்ணீர் பார்த்து முழு சார்ஜில் வைத்துவிடுவது என் வழக்கம்.

கடைசியாக ஒன்று, குறிப்பாக இளம் தாய்மார்களுக்கு. பழைய பாட்டரியைத் தெருவில் வருகிற பழைய சாமான்காரரிடம் போடாதீர்கள். கண்ட இடத்தில் உடைத்தால் ஈயத் தூள் மண்ணில் கலக்கும். அங்கே விளையாடும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். புதுப் பாட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். 2022-ஆம் ஆண்டு வந்த பாட்டரிக் கழிவு விதிகளும், பழையதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல்தான் வைத்திருக்கின்றன.

நான் ஒவ்வொரு தமிழ் மாதப் பிறப்பன்றும் பாட்டரியைப் பார்த்துவிட்டு காலண்டரில் ஒரு டிக் போட்டுவிடுவேன். இப்போது என் மகளும் டார்ச் பிடித்துக்கொண்டு கூட வருகிறாள். மாடிப்படிக்கு அடியில் கிடக்கும் உங்கள் வீட்டுப் பாட்டரியையும் இந்த வாரமே ஒருமுறை எட்டிப் பாருங்களேன்!