தேசிமரத்துக் கூடு

கையில் கமராவுடன் வீட்டு வளவுக்குள் பதுங்கிப் பதுங்கித் திரியும் ஐம்பது வயது கடந்த ஒருவனை ஊர் எப்படிப் பார்க்கும் என்பது எனக்குத் தெரியும். "என்ன, பேப்பர் வேலையை விட்டிட்டியளோ?" என்று படலையடியில் நின்று ஒருவர் கேட்டேவிட்டார். அவரில் குற்றமில்லை. அப்போது நான் கிணற்றடியில் மண்ணோடு மண்ணாகக் குப்புறப் படுத்து, வாழைத்தண்டில் இருந்த ஓர் ஓணானைக் குறிபார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பழக்கம் தொற்றியது 2020 மார்ச் மாதம் 20ஆம் திகதி பிறப்பிக்கப்பட்ட ஊரடங்கின்போது. போர்க்காலத்து ஊரடங்குகளைப் பார்த்த எனக்கு அது புதிதல்ல. ஆனால் இந்த ஊரடங்கில் சத்தம் இல்லை. செய்திகளைத் தொலைபேசியில் கேட்டு, தொலைபேசியிலேயே சொல்லி முடித்தபின் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. நண்பர் ஒருவரிடம் இரண்டாம் கையாக வாங்கிய டிஜிற்றல் கமராவும் 300 மில்லிமீற்றர் வில்லையும் அலுமாரிக்குள் கிடந்தன. எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினேன்.

கொக்குவிலில் எங்களுடையது பெரிய வளவு அல்ல. இரண்டு மா, ஒரு வேம்பு, முருங்கை, சமையலறைச் சாளரத்தை ஒட்டி ஒரு தேசிமரம், பின்னால் கிளுவையும் பூவரசும் நின்ற பழைய வேலியின் மிச்சம். இதற்குள் இத்தனை உயிர்கள் குடியிருந்தன என்பதை இந்த வயதில்தான் அறிந்தேன். புலுனிகள் ஒருபோதும் தனியே வருவதில்லை. ஏழெட்டாகச் சேர்ந்து, ஓயாமல் கதைத்துக்கொண்டு, சருகைக் கிளறும். செவ்வரத்தம் பூவுக்குத் தேன்சிட்டு காலை ஏழு மணிக்கு வரும். அந்த வெளிச்சத்தில் எடுத்தால்தான் அதன் கழுத்து மினுங்கும். பத்து மணிக்கு எடுத்தால் கரிக்கட்டிதான். ஆண் ஓணானுக்கு இணைசேரும் காலத்தில் கழுத்தும் தலையும் இரத்தச் சிவப்பாகிவிடும். சிறுவயதில் அதைக் கண்டு "எங்கட இரத்தத்தை உறிஞ்சுது" என்று நாங்கள் கல்லெறிந்தோம். எத்தனை ஓணான்களுக்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமோ!

மரங்கொத்தி பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் வேம்புக்கு வரும் மரங்கொத்தியின் முதுகு பொன்னிறம். தெற்கே, கொழும்பில் நான் வேலை செய்த காலத்தில் பார்த்ததற்கு முதுகு சிவப்பு. இரண்டும் நெருங்கிய உறவுகள். வடக்கில் பொன், தெற்கில் சிவப்பு. இடைப்பட்ட நிலத்தில் இரண்டும் கலந்து செம்மஞ்சளாகவும் உண்டு. ஓர் ஆசிரியத் தலையங்கத்துக்கு ஆயத்தமாக நிற்கும் உவமை இது. கை துடித்தது உண்மை. பாவம் அந்தப் பறவை என்று விட்டுவிட்டேன்.

படங்களை ரொறன்ரோவில் இருக்கும் தங்கைக்கு அனுப்புவேன். அவளுக்குப் பறவைகளைவிடப் பின்னணியில் தெரிபவைதான் முக்கியம். "அண்ணா, அந்த மூலையில இருக்கிறது அம்மாவின்ரை ஆட்டுக்கல்லோ?" என்று கேட்பாள். அதன்பின் ஆட்டுக்கல், திருவலை, நீத்துப்பெட்டி, சுவரில் சாத்திய கொக்கத்தடி என்று அவற்றையும் எடுக்கத் தொடங்கினேன். 1995 ஒக்டோபரில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது எங்கள் குடும்பத்தின் படப்புத்தகங்கள் இரண்டும் வீட்டோடு போயின. அவற்றில் எல்லாம் கலியாணங்களும் பிறந்தநாள்களும்தான் இருந்தன. ஆட்டுக்கல்லை யார் படம் எடுப்பார்கள்? அந்தக் காலத்தில் ஒரு சுருளில் 36 படங்கள். பொருளாதாரத் தடையில் பற்றரியே இல்லாமல், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட ஊர் இது.

இனி, நான் சொல்ல வந்த விடயம்.

2021 சித்திரையில் தேசிமரத்தில் ஒரு கொண்டைக்குருவிச் சோடி கூடு கட்டியது. மனித வாடைக்கு அஞ்சாத பறவை அது. இந்த நாட்டில் வீட்டுக்குள் மின்குமிழுக்கு மேலேகூடக் கூடு கட்டும். இளஞ்சிவப்பு வெள்ளையில் செம்புள்ளி தெறித்த மூன்று முட்டைகள். சுமார் இரண்டு கிழமையில் குஞ்சுகள் பொரித்தன. மயிரில்லாத சதைத்துண்டுகள், வாய் மட்டும் பெரிது. நல்ல படம். ஆனால் சரியாகக் குறுக்கே ஒரு கிளை. இலைநிழல் கூட்டின் மேல் விழுந்து எல்லாவற்றையும் மறைத்தது.

கிளையை வெட்டவில்லை, அவ்வளவுக்கு மூர்க்கன் அல்ல நான். ஒரு சணல் நூலால் பின்னுக்கு இழுத்துச் சாளரக் கம்பியில் கட்டினேன். அரை மணிநேரத்துக்குத்தான் என்று மனைவிக்குச் சொன்னேன். வெளிச்சம் கூட்டுக்குள் இறங்கியது. தாய் வந்து ஊட்டும் படங்கள் இருபதுக்கு மேல் கிடைத்தன. அப்போது பணிமனையிலிருந்து அழைப்பு வந்தது. போனவன் போனவன்தான்.

மறுநாள் காலை கொண்டைக்குருவிகள் இரண்டும் போட்ட சத்தத்தில் எழும்பி ஓடினேன். கூட்டின் விளிம்பில் செண்பகம் நின்றது. செம்பழுப்புச் சிறகு, தீக்கங்கு போன்ற கண். ஒரு வருடமாக நான் நல்ல படம் எடுக்கத் துரத்திய பறவை. செண்பகம் குஞ்சு தின்னும் என்பது எனக்குத் தெரியாததல்ல. கை தட்டியிருக்கலாம், கல்லொன்று எடுத்திருக்கலாம். நான் கமராவைத் தூக்கினேன்.

அதுதான் இன்றுவரை நான் எடுத்தவற்றில் சிறந்த படம். அனுப்பிய எல்லோரும் பாராட்டினார்கள். மகள் மட்டும் சாளரத்தடியில் நின்று நூலைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்பா, இதை ஆர் கட்டினது?"

"நான்தான்."

"ஏன் அவிழ்க்கேல்லை?"

நான் பதில் சொல்லவில்லை. அவளும் திருப்பிக் கேட்கவில்லை.

அன்றிரவு நித்திரை வரவில்லை. நினைவில் வந்தது குருவி அல்ல. 1998இல் வவுனியாவில் ஒரு நலன்புரி நிலையம். வன்னியிலிருந்து வந்தவர்களைப் பாஸ் நடைமுறைக்குள் அடைத்து வைத்திருந்த காலம். கொழும்புப் பத்திரிகை ஒன்றின் சார்பில் நான் போயிருந்தேன். குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் இடையில் சேலைதான் சுவர். ஒரு தாய் நிவாரண அரிசி பற்றியும் வெளியே போக அனுமதி கிடைக்காதது பற்றியும் மனந்திறந்து கதைத்தார். "தம்பி, எல்லாத்தையும் எழுதுங்கோ. என்ரை முகத்தை மட்டும் போட்டிடாதேங்கோ" என்றார். தலையாட்டினேன். அவருடைய முகம் நிழலுக்குள் இருந்தது. தொங்கிய சேலையை ஒரு கையால் விலக்கிப் பிடித்தேன், வெளிச்சம் விழுந்தது, மறுகையால் எடுத்தேன். ஒரு படம்தான்.

முகம் இல்லாத படத்துக்கு என்ன பெறுமதி என்று பணிமனையில் வாதாடியவனும் நானே. ஆசிரியரை இதில் இழுப்பது நேர்மையல்ல. படம் முதல் பக்கத்தில் வந்தது. சில கிழமைகளின் பின் மறுபடி போனேன். பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அம்மாவை இரண்டு தடவை விசாரித்ததாகவும், மகனைப் பார்க்கப் போகவிருந்த அனுமதி இல்லாமல் போனதாகவும் பக்கத்துக் குடும்பம் சொன்னது. அவர் என்னுடன் கதைக்க வரவில்லை. சேலைக்குப் பின்னால் இருந்தார். அதை விலக்க எனக்குத் துணிவு வரவில்லை. அவர் பெயரைக் குறிப்பேட்டில் எழுதியிருந்தேன். அந்தக் குறிப்பேடும் இப்போது இல்லை.

இதுபற்றி நான் எங்கும் எழுதியதில்லை. ஊடக ஒழுக்கம் பற்றி இளம் நிருபர்களுக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன், அங்கேயும் சொன்னதில்லை.

கொண்டைக்குருவிகள் வெறுங்கூட்டைச் சுற்றி இரண்டு நாள் கத்தின. பிறகு போய்விட்டன. செண்பகத்தின் படத்தை நான் அழிக்கவில்லை. அழிப்பதும் ஒரு நடிப்பாகத்தான் எனக்குப் பட்டது.

இந்த ஆண்டு அதே தேசிமரத்தில் மறுபடி ஒரு கூடு இருக்கிறது. அதே சோடியா என்பதை யார் கண்டது? சமையலறைச் சாளரத்துக்குள் நின்றபடியே எடுக்கிறேன். நிறைய இலை, அவற்றுக்கு நடுவில் வாலடியின் சிவப்பு ஒரு பொட்டு. தங்கைக்கு அனுப்பினேன்.

"என்னண்ணா, ஒண்டும் தெரியேல்லை?"

"அதுக்குள்ளதான் இருக்குது" என்றேன்.

"சரி விடுங்கோ, துலாவை எடுத்து அனுப்புங்கோ" என்றாள். துலா விழுந்து எட்டு வருடம். கிணற்றடியில் அது நின்ற இடத்தில் புல் மண்டிக் கிடக்கிறது. அடிக்கட்டையாவது மிஞ்சியிருக்கிறதா என்று நாளைக்குப் பார்க்க வேண்டும்.