வீட்டுப் பூனைக்கும் விசர் ஊசி

"வீட்டை விட்டு இறங்காத பூனைக்கு ஏன் தம்பி விசர் ஊசி? உது காசு பிடுங்கிற வேலை." ஸ்காபரோவில் எங்கள் கட்டடத்தில் இருக்கிற அம்மா ஒருவர் சொன்னது. காசு விஷயத்தில் அவரோடு எனக்குச் சண்டையில்லை. எங்களுக்கிருக்கிற ஒஹிப் சுகாதாரக் காப்புறுதி பூனைக்கு இல்லை. மிருக வைத்தியரின் பில்லைப் பார்த்தால் எனக்கும் வயிறு எரியும்.

ஊரில் விசர் என்றால் தெருநாய். ஒழுங்கையால் வாய்நீர் வடிய வருகிற நாயைக் கண்டு படலையைச் சாத்தினால் பாதிப் பயம் போய்விடும். இங்கே தெருநாய் இல்லை என்பதால் விசரும் இல்லையென்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். இங்கே அது வௌவாலில் வருகிறது. நரி, ரக்கூன், ஸ்கங்க் வழியாகவும் வரும். கோடை இரவில் பல்கனிக் கதவாலோ கூரை இடுக்காலோ நுழைகிற வௌவாலை முதலில் பாய்ந்து பிடிப்பது யார்? வீட்டை விட்டு இறங்காத அந்தப் பூனைதான்.

2015 டிசம்பரில் ஹமில்டனில் ஒரு ரக்கூன், விலங்குக் கட்டுப்பாட்டு வானுக்குள் இரண்டு பெரிய நாய்களோடு சண்டை பிடித்தது. பரிசோதித்தால் விசர். ரக்கூன் விசர் ஒன்ராறியோவை விட்டுப் போய்ப் பத்து வருடம் என்றிருந்த நேரம் அது. பிறகு மாகாண அரசு தடுப்புமருந்து அடைத்த இரைகளை விமானத்தாலும் கையாலும் போட்டது. காட்டு ரக்கூனுக்கே அரசு மருந்து கொடுக்கிறது. சோபாவில் படுத்திருக்கிற பூனைக்கு நாங்கள் யோசிக்கிறோம். 2024இல் வௌவாலால் தொற்றி ஒரு பிள்ளை இறந்தது. 1967க்குப் பிறகு இந்த மாகாணத்துக்குள்ளேயே ஒருவருக்கு விசர் தொற்றியது அதுதான் முதல் தடவை.

ஒன்ராறியோவில் 3 மாதத்துக்கு மேற்பட்ட நாய், பூனைக்கு இந்த ஊசி சட்டக் கட்டாயம். பூனைக்கு அதை வலது பின்னங்காலின் கீழ்ப்பகுதியில் போடுவார்கள். ஏனென்று கேட்டேன். மிக அரிதாக, ஊசி போட்ட இடத்தில் புற்றுக்கட்டி வருமாம். கால் என்றால் அதை எடுத்துவிட்டாவது உயிரைக் காப்பாற்றலாம் என்றார் வைத்தியர். காசுக்காக மட்டும் ஊசி போடுகிறவர் இவ்வளவு யோசிக்கமாட்டார் என்பது என் எண்ணம்.

தடுப்பூசி இல்லாத பூனை விசர் வௌவாலோடு பட்டால் மாதக்கணக்கில் அடைத்து வைக்க வேண்டும். சிலவேளை கருணைக்கொலைதான் வழி. முதல் ஊசி ஒரு வருடம் செல்லும். பிறகு மருந்தைப் பொறுத்து 1 அல்லது 3 வருடம். சான்றிதழை இன்றைக்கே எடுத்துத் திகதியைப் பாருங்கள். பிள்ளையோ பூனையோ படுத்திருந்த அறையில் வௌவாலைக் கண்டால் வெளியே துரத்திவிடாதீர்கள். பிள்ளையையும் பூனையையும் வெளியே எடுத்து, கதவைச் சாத்திவிட்டு, பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு உடனே அழையுங்கள்.