பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவில்

தேதி காட்டும் கைக்கடிகாரத்துக்குத் தேதி தெரியாது. மணிமுள்ளின் சக்கரம் பன்னிரண்டு மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. அது தள்ளும் இன்னொரு சக்கரத்துக்கு இருபத்துநாலு மணி நேரம். இந்த இரண்டாவது சக்கரத்தில் விரல் மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். டயலுக்கு அடியில், உட்புறம் 31 பற்கள் வெட்டிய வளையம். எண்கள் அதன் மேல். நாளுக்கு ஒருமுறை விரல் வந்து ஒரு பல்லைத் தள்ளிவிட்டுப் போகிறது. தள்ளிய இடத்தில் வளையம் நிற்க ஒரு கொக்கி, கொக்கியை அழுத்த ஒரு வில். அவ்வளவுதான். முப்பது நாள் மாதமா, இது பகல் பன்னிரண்டா ராத்திரி பன்னிரண்டா என்பதெல்லாம் அதற்கு வெளியே, நம்மிடம் இருக்கிற விஷயங்கள். நடுப்பகலில் தேதி மாறுகிறது என்று கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுகிறவர்கள் உண்டு. கோளாறு எதுவுமில்லை, முட்களைப் பன்னிரண்டு மணி நேரம் முன்னால் தள்ளினால் போதும். ரோலெக்ஸ் 1945இல் கொண்டுவந்த டேட்ஜஸ்டும் வருஷத்துக்கு ஐந்து தடவை மனிதக் கை பட வேண்டியதுதான். படேக் பிலிப் 1925இல் செய்த கைக்கடிகாரம் பிப்ரவரியையும் லீப் வருஷத்தையும் அறிந்தது. ஆனால் அந்த ரகத்தில் பெரும்பாலானவை 2100இல் தப்பும்; அது லீப் வருஷமில்லை என்பது அவற்றின் சக்கரங்களில் எழுதப்படவில்லை.

இவ்வளவும் நான் தெரிந்துகொள்ள நேர்ந்தது அப்பாவின் கடிகாரத்தால்.

அப்பா கோடியக்கரையிலிருந்து நாகப்பட்டினம் போய் ரஜூலா கப்பலேறி சிங்கப்பூர் சென்றவர். அந்தக் கப்பல் 1973இல் நின்றது. 1981இல் அங்கேயே ஆஸ்பத்திரியில் இறந்தார். சாமான்களோடு வந்த சுவிஸ் ஆட்டோமேடிக் ஒன்றுதான் எங்கள் வீட்டில் இருந்த விலை உயர்ந்த வஸ்து. கூரை மாற்றியபோதுகூட அத்தனை பணம் செலவாகியிருக்காது. வரும்போதே நின்றுபோயிருந்தது. பத்து ஐம்பது. தேதி ஜன்னலில் பதினேழின் பாதியும் பதினெட்டின் பாதியும்.

ஆஸ்பத்திரித் தாளில் இருந்தது பதினெட்டாம் தேதி, விடியற்காலம் பன்னிரண்டு ஐம்பது. அண்ணன் பதினெட்டையே பிடித்துக்கொண்டான். அம்மா ஒப்பவில்லை. சிங்கப்பூர் அப்போது நமக்கு இரண்டு மணி நேரம் முன்னால். (அந்த டிசம்பர் 31 இரவு பதினொன்றரையை அவர்கள் பன்னிரண்டு என்று ஆக்கிக்கொண்டதில் இரண்டு இரண்டரையாயிற்று. அரை மணி நேரம் நடக்காமலே ஒரு வருஷம் முடிந்தது.) அங்கே பன்னிரண்டு ஐம்பது என்றால் இங்கே பதினேழாம் தேதி ராத்திரி பத்து ஐம்பது. ஆகவே அப்பா கையில் கோடியக்கரை நேரம் வைத்திருந்தார், மூச்சு நின்ற நிமிஷத்தில் அதுவும் நின்றது, தேதி கூட மாறி முடியவில்லை. அம்மாவின் கணக்கு இது. திதியைப் பொறுத்தமட்டில் சண்டைக்கே இடமில்லை. சூரியனுக்கும் சந்திரனுக்கும் நடுவே பன்னிரண்டு பாகை விலகல் ஒரு திதி. இருபதிலிருந்து இருபத்தாறு மணி நேரம் வரை நீளும், பிற்பகல் மூன்றே காலுக்குக்கூட மாறும், நடுநிசியை லட்சியம் செய்யாது. இரண்டு கடிகாரமும் சுட்டியது ஒரே கணத்தை, ஆகவே ஒரே திதியை. ஆனாலும் அண்ணன் பதினெட்டில் படத்துக்கு மாலை போட்டான். அம்மா திதி பார்த்து விரதமிருந்தாள். ஆடி அமாவாசைக்கு இரண்டு பேரும் ஒரே கடலில்தான் முழுகினார்கள்.

கடிகாரத்தை யாரும் தொட அம்மா விட்டதில்லை. டிரங்குப் பெட்டியில் கிடந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் ஓடுகளைப் பெயர்த்தபோது அவள் முதலில் இழுத்துக்கொண்டது அந்தப் பெட்டியைத்தான். போன வருஷம் அவளாகவே எடுத்துக் கொடுத்தாள். "ஓடுற சத்தம் மட்டும் ஒருக்கா கேட்டாப் போதும், தம்பி."

வேதாரண்யம் கடைத்தெருவில் ஒரு பாய் இன்னும் சாவி கொடுக்கும் கடிகாரங்களைப் பார்க்கிறார். இழுப்பறை நிறைய எச்.எம்.டி. உயிர்கள். பின்மூடியைத் திறந்து, பிறகு முட்களையும் டயலையும் கழற்றி, கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பேசாமலிருந்தார். கொக்கியின் வில்லில் துரு. எங்கள் உப்புக்காற்றுக்கு அது ஒன்றும் பெரிய காரியமில்லை. பிறகு இடுக்கியில் ஒரு துணுக்கை எடுத்துக் காட்டினார். விரலின் நுனி.

"யாரோ ராத்திரில தேதியத் திருப்பியிருக்காங்க. ஒம்பதுலேர்ந்து மூணு வரைக்கும் கை வைக்கக் கூடாது தம்பி. விரல் பல்லுக்குள்ள நிக்கிற நேரம் அது. வெளியிலேர்ந்து நாம தள்ளுனா எதாவது ஒண்ணுதான் தாங்கும்."

இங்கே வந்தபின் யாரும் அதன் சாவியைத் தொடவில்லை. ஒடித்தது அப்பாதான். முப்பது நாள் மாதம் ஒன்று முடிந்து, வேலை விட்டு வந்த இரவில், தேதியைச் சரி செய்யப் பார்த்திருக்கலாம். எத்தனை மாதம் முன்னாலோ. அதற்குப் பிறகு அவர் கையில் முட்கள் ஓடின, தேதி மட்டும் ஓடவில்லை. பழுது பார்க்கப் பணமில்லையோ, பணம் இங்கே வந்ததோ. கடிதங்களில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

இன்னொன்றும் கேட்டேன். கையிலிருந்து கழற்றினால் ஆட்டோமேடிக் எத்தனை நேரம் ஓடும்? "நாப்பது மணி நேரம் வரும்." அப்படியானால் பத்து ஐம்பது என்பது அவர் இறந்த நேரமில்லை. ஒன்றிரண்டு நாள் கழித்து, யாருமில்லாத ஏதோ ஒரு மேஜை இழுப்பில், அது தன் பாட்டுக்கு நின்ற நேரம். நின்ற கடிகாரத்தைக் கண்டால் குறியீடாக்கிவிடுவது நம் எழுத்தாளர்களின் பழக்கம். சிறுகதைகளில் எத்தனை கடிகாரங்கள் சரியான நிமிஷத்தில் நின்றிருக்கின்றன! அவர்கள் யாரும் பிரதான வில்லை எண்ணிப் பார்த்ததில்லை. அம்மா கதை எழுதவில்லை என்பது வேறு விஷயம். நாற்பது வருஷத்துக்கு மேல் அந்த நிமிஷத்தை நம்பி விரதமிருந்தவள்.

கதையைச் சொன்னேன். பாய் சிரிக்கவில்லை. "எங்களுக்கு மஃரிபோட அடுத்த நாள் வந்துடும். எங்க கணக்குல ரெண்டு நேரமும் ஒரே நாள்தான்" என்றார். பிறகு, வேறு பழைய இயந்திரத்திலிருந்து விரலும் வில்லும் எடுத்துப் போட்டுவிடலாம், சென்னையிலிருந்து வரவழைக்கப் பத்து நாளாகும் என்றார்.

"ஓட்டத்த மட்டும் சுத்தம் பண்ணுங்க பாய். தேதி வளையத்தத் தொட வேண்டாம்."

"அப்ப அது பாதியிலேயே நிக்குமே."

"நிக்கட்டும்."

அம்மா முதலில் காதில் வைத்துக் கேட்டாள். பிறகு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முட்களைவிட ஜன்னலைத்தான் அதிக நேரம் பார்த்தாள். நாற்பது மணி நேரத்தைப் பற்றி நான் சொல்ல வாயெடுக்கவில்லை. "தேதி ஓடாதா?" என்றாள். ஓடாது என்றேன். கடிகாரத்தை முந்தானையில் துடைத்து, பெட்டியில் வைக்காமல், தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.