மரித்தோர் திருநாளும் ஒரு பள்ளி வண்டியும்

நவம்பர் 2-ஆம் நாள் நாம் கல்லறைத் தோட்டத்திற்குக் கொண்டு செல்லும் செண்டுப்பூ, மெக்சிக்கோ மண்ணில் தோன்றியது என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? அந்நாட்டவர் அம்மலரின் இதழ்களை வாசலிலிருந்து வீட்டுப் பீடம்வரை தூவி வைக்கின்றனர். மரித்த உறவினர் வழி தவறாது வந்து சேர வேண்டுமென்பது அவர்கள் எண்ணம். பீடத்தில் மறைந்தவரின் படமும், அவர் விரும்பி உண்ட பண்டமும், ஒரு குவளைத் தண்ணீரும் இருக்கும். சர்க்கரையில் செய்த மண்டையோடுகளும் உண்டு! மெழுகுதிரி ஏற்றிக் குரல் தாழ்த்தி நிற்கப் பழகிய நமக்கு இது சற்றே திகைப்பூட்டும். எனினும், மரித்தோரைக் குடும்பத்தினின்று நீக்காத அந்த அன்பு நமக்கு அந்நியமானதன்று.

எல்லை கடந்து அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் குடியேறிய பல குடும்பங்களில் இவ்வழக்கம் மங்கிப் போயிற்று. அதில் பள்ளிக்கூடத்திற்கும் பங்குண்டு என்றே கருதுகிறோம். ஸ்பானிய மொழி பேசிய பிள்ளைகள் அங்கே தண்டிக்கப்பட்டனர். தாய்மொழிக்குத் தண்டனை பெறும் பிள்ளை, பாட்டியின் பீடத்தைக் கண்டு நாணாமல் என் செய்யும்? 1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் மாணவர் ஆயிரக்கணக்கில் வகுப்புகளை விட்டு வெளியேறி, இருமொழிக் கல்வியும் மெக்சிக்க வரலாறும் வேண்டுமெனக் கேட்டனர்.

அப்பகுதியில் 1970-இல் ஒரு மோட்டார்க் கொட்டகையில் ஓவியப் பணி தொடங்கியவர் கேரன் பொக்கலேரோ என்னும் பிரான்சிஸ்கன் சகோதரி. அவர் மெக்சிக்கரல்லர், இத்தாலிய வமிசத்தவர். மெக்சிக்கோவிலிருந்து வந்த கார்லோஸ் புவேனோ, அந்தோனியோ இபாஞெஸ் என்னும் ஓவியர் இருவர் அவருக்குத் துணை நின்றனர். அந்தக் கொட்டகையே 'செல்ஃப் ஹெல்ப் கிராஃபிக்ஸ்' என்னும் கலைக்கூடமாக வளர்ந்தது. சில ஆண்டுகளுக்குள் மரித்தோர் திருநாள் தெருவுக்கு வந்தது. முகத்தில் எலும்புருவம் தீட்டிய மக்கள் ஊர்வலமாகச் சென்றனர். சகோதரி அதோடு நிற்கவில்லை. ஆண்டிற்கொரு நாள் விழா எடுத்தால் போதுமென்று அவர் எண்ணியிருந்தால் அது வெறும் வேடிக்கையாய் முடிந்திருக்கும். 1975-இல் ஒரு வண்டியைக் கலைக்கூடமாக்கிப் பள்ளிகளுக்கே அனுப்பினார். எந்தப் பள்ளியில் தம் மரபைக் குறித்துப் பிள்ளைகள் கூசினரோ, அங்கேயே அம்மரபின் கலையை அவர்கள் கற்றனர்.

2015-இல் வெளிவந்த ஒரு ஜேம்ஸ் பாண்ட் திரைப்படத்தில் கற்பனையாய்க் காட்டப்பட்ட ஊர்வலத்தைப் பின்பற்றி, 2016 முதல் மெக்சிக்கோ நகரிலேயே பெரும் ஊர்வலம் நடைபெறுகிறது. கண்ணுக்கு அழகுதான். நமக்கோ, பாட்டியின் பெயரைச் சொல்லிப் பேரப்பிள்ளை ஒரு குவளைத் தண்ணீர் வைப்பதே பெரிதாகப் படுகிறது.

கேரன் சகோதரி 1997-இல் இறைவனடி சேர்ந்தார். அவரது கலைக்கூடத்தில் இன்றும் அத்திருநாளுக்கு முந்திய வாரங்களில் சிறுவரும் பெரியோரும் ஒன்றாயமர்ந்து காகிதப்பூச் செய்யக் கற்கின்றனர்.